ஒன்பதாவது சுற்றுக்குப் பிறகு வந்தவன்

எங்கள் கழகத்தில் இப்போது வீரர்களின் உடற்தகுதியைச் சட்டைதான் சொல்கிறதாம். பனியனுக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கும். அது இதயத் துடிப்பையும் ஓடிய தூரத்தையும் எண்ணித் திரையில் பச்சையோ சிவப்போ காட்டும். பச்சை என்றால் ஆளை இறக்கலாம். என் இடத்துக்கு வந்த பெண் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். அந்தக் காலமாம். நான் ஓய்வு பெற்று நாலு வருடம்கூட ஆகவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு, அவளுக்கு நேர்மையாகப் பதில் சொல்வதானால் ஒரு பையனின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

நான் லண்டனுக்கு வந்த கதை உங்களில் பாதிப் பேருடைய கதைதான். அகதி விண்ணப்பம், பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட், ஐந்து பேர் ஒரு அறையில். பிறகு ஒரு வைத்தியசாலையில் சக்கர நாற்காலி தள்ளினேன். இடுப்பெலும்பு மாற்றிய முதியவர்களை மீண்டும் நடக்கப் பழக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அந்த வேலை பிடித்துப்போனது. மாலை வகுப்பில் படித்தேன், ஒரு ரக்பிக் கழகத்தில் உதவியாளனாக இருந்தேன், கடைசியில் வெம்பிளிக்கு அப்பால் ஒரு தொழிற்பேட்டையில் பயிற்சிக்கூடம் வைத்திருந்த அமெரிக்க உதைபந்தாட்டக் கழகத்தில் உடற்பயிற்சியாளனானேன். திடமான ஆட்களை இன்னும் திடமாக்கக் காசு தருகிறார்களா என்று என் மனைவி கடைசிவரை கேலி செய்தாள்.

அந்த ஆட்டத்துக்கு உதைபந்து என்று பெயர், உதைப்பது எப்போதாவதுதான். பந்து முட்டை வடிவம். அதைக் கையில் வாங்கி, ஏழு அடி பின்னால் போய், தன்னை நசுக்க ஓடி வரும் நாலைந்து மலைகளுக்கு நடுவில் நின்று, தன் ஆட்களில் யார் தனியாக ஓடுகிறான் என்று பார்த்து எறிபவர்தான் குவாட்டர்பேக். அவருக்குக் கைப்பலம் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் இருபது வருடம் பார்த்ததில் எறிதல் கையில் தொடங்குவதே இல்லை. அது பாதத்தில் தொடங்கும். பாதம் களைத்தால் இடுப்பு திரும்பாது, இடுப்பு திரும்பாவிட்டால் தோள் தனியே உழைக்கும், பந்து தள்ளாடி ஒரு முழம் உயரப் போகும். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் அவ்வளவாக எழுதாதது கண்ணைப் பற்றியது. களைத்த குவாட்டர்பேக் முதல் ஆளைப் பார்ப்பார், இரண்டாவது ஆளைப் பார்ப்பார், மூன்றாவது ஆளைத் தேட மாட்டார். பார்க்க விரும்பியதைப் பார்த்துவிட்டு எறிவார். அதனால்தான் அவர்களுடைய உடம்பைக் கடைசிக் கால் மணி நேரத்துக்காகப் பழக்குகிறோம்.

என் மேலதிகாரி மொய்ரா. ஸ்கொட்லாந்துக்காரி, மெலிந்த உடம்பு, எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அப்போதும் கருவிகள் இருந்தன, ஆனால் அவர் வீரனின் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடியைத் தானே எண்ணுவார். எண்ணும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்த்தால் அவர்கள் சிரித்து ஏமாற்றுவார்களாம். சுகமா என்றும் கேட்க மாட்டார். சுகமா என்று கேட்டால் கால் முறிந்தவனும் சுகம் என்பான் என்பது அவர் கட்சி. நேற்று என்ன சாப்பிட்டாய், யாரோடு பேசினாய், இப்போது என்ன கேட்கிறது, என்ன தெரிகிறது என்றுதான் கேட்பார். அதற்கு வரும் பதிலை வீரன் சொன்ன சொற்களிலேயே தாளில் எழுத வேண்டும். நாங்கள் அதைத் திருத்தி அழகாக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மீறியதற்காக அவர் ஒரு உதவியாளனை வேலையை விட்டே அனுப்பினார் என்று கேள்வி.

அவருடைய சோதனை பன்னிரண்டு சுற்று. பாரம் ஏற்றிய, சக்கரமில்லாத இரும்புச் சறுக்கு வண்டி ஒன்றைக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ள வேண்டும். உடனே திரும்பி ஓடி வர வேண்டும். மூச்சு வாங்க நேரமில்லை, பந்தைக் கையில் கொடுப்போம். ஏழு அடி பின்வாங்கும்போது எதிரே தொங்கும் ஐந்து வலைகளில் ஒன்றின் மேல் விளக்கு எரியும். அந்த வலைக்குள் எறிய வேண்டும். தகரக் கூரை, நீளமான கூடம், குளிர்காலத்தில் உள்ளே எங்கள் மூச்சே புகையாகத் தெரியும். ஐந்தாவது வலைக்கு அப்பால் வலது மூலையில் ஒன்றும் கிடையாது, சீமெந்துத் தரையும் சுவரும்தான்.

அந்தக் கூடத்துக்குத்தான் கஜன் வந்தான். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அங்கே சின்ன வயதிலேயே இந்த ஆட்டத்தைப் பழகி, குடும்பம் லண்டனில் டூட்டிங்குக்குக் குடிபெயர்ந்தபோது எங்கள் கழகம் அவனை எடுத்துக்கொண்டது. எங்கள் தமிழ் ஆட்களில் ஒரு குவாட்டர்பேக்கை நான் அதற்கு முன் கண்டதில்லை. டூட்டிங்கில் அவன் தாய் மரக்கறி வாங்கும் கடையில் அவனுடைய படத்தைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். எனக்கும் பெருமை, அதை மறைக்கவில்லை. மற்ற வீரர்களுக்கு நான் பயிற்சியாளன், அவனுக்கு அங்கிள்.

முதல் சோதனையில் எட்டுச் சுற்றுவரை நன்றாகச் செய்தான். ஒன்பதாவதில் இரண்டாம் வலைக்கு மேல் விளக்கு எரிந்தது. அவன் அதைப் பார்க்கவேயில்லை. வலது மூலைக்குத் திரும்பி வெறும் சுவரை நோக்கி எறிந்தான். களைத்தவன் எறிந்தால் பந்து தள்ளாடும் என்று சொன்னேன் அல்லவா? அது தள்ளாடவில்லை. அன்று அந்தக் கூடத்தில் எறியப்பட்டவற்றில் அதுதான் மிகச் சிறந்த எறிதல். பத்தாவது, பதினோராவது, பன்னிரண்டாவது சுற்றுகளிலும் அதே மூலைக்கே எறிந்தான். நாலு பந்தும் சுவரில் பட்ட இடத்தை ஒரு சாப்பாட்டுத் தட்டால் மூடலாம்.

மொய்ரா அப்போது கூடத்தின் மறுமுனையில் வேறொரு வீரனோடு நின்றார். நான் கஜனின் மணிக்கட்டைப் பிடித்தேன். ஏன் அங்கே எறிந்தீர் என்று தமிழில் கேட்டேன்.

"அவன் கை காட்டினவன், அங்கிள்," என்றான்.

"ஆர் தம்பி?"

"யோனாஸ். என்ர எண்பத்தொண்டு. தனிய நிண்டவன்."

அவன் பயந்த மாதிரித் தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே ஒழுங்காகக் கதையைச் சொன்னான். ஜெர்மனியில் அவன் எறியும் பந்தைப் பிடித்தவன் யோனாஸ், முதுகில் எண்பத்தொன்று. ஒரு கோடைகாலப் பயிற்சியில், தோற்றதற்குத் தண்டனையாக அணியைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்களாம். யோனாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்துபோனான். பக்கத்தில் ஓடியவன் கஜன். அதன் பிறகு நன்றாகக் களைத்தால் யோனாஸ் வலது பக்கம் வந்து நிற்பானாம். வருமுன் ஏதோ எரிந்த ரப்பர் மணம் வரும், பிறகு அவன் கையை உயர்த்துவான். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, என்னை விளையாட விடமாட்டினம்," என்றான்.

தாளில் நான் ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்: களைப்பினால் இலக்கைத் தவறாகக் கணித்தார். பொய் என்று சொல்ல முடியாது. அவன் தமிழில் சொன்னதை நான் ஆங்கிலத்தில் போட்டேன், போடும்போது யோனாஸை வெளியே விட்டுவிட்டேன். எங்கள் பிள்ளையைப் பற்றி வெள்ளைக்காரர் கையில் இருக்கும் தாளில் அப்படி ஒன்றை எழுத எனக்குக் கை வரவில்லை. அகதி அலுவலகத்தில் நூறு பேருக்கு மொழிபெயர்த்தவன் நான். எதைச் சொன்னால் காரியம் கெடும், எதை விட்டால் காரியம் நடக்கும் என்று கற்றுக்கொண்டிருந்தேன். அந்தக் கெட்டித்தனத்தைத்தான் இங்கேயும் காட்டினேன்.

மொய்ரா தாளை வாசித்தார். இது அவனுடைய சொல்லா, உன்னுடைய சொல்லா என்று கேட்டார். அவனுடையதுதான் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

என் கணக்கு எளிமையானது. ஒன்பதாவது சுற்றில்தானே யோனாஸ் வருகிறான், அப்படியானால் கஜனைப் பன்னிரண்டு சுற்றிலும் களைக்காதவனாக ஆக்கிவிட்டால் போயிற்று. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவனைப் பிழிந்தெடுத்தேன். மேட்டில் ஓட்டம், சறுக்குத் தள்ளுதல், கணுக்காலுக்கும் இடுப்புக்கும் தனிப் பயிற்சி, பத்து மணிக்குப் படுக்கை. தாய்க்குத் தொலைபேசியில் சாப்பாட்டுப் பட்டியல் சொன்னேன். அவர் அதைவிட இரண்டு மடங்கு சமைத்தார். பலன் கிடைத்தது. ஒன்பதில் தவறியவன் பத்தில் தவறினான், பிறகு பதினொன்றில். மாசி முடியுமுன் பன்னிரண்டும் சுத்தமாக வந்தது. அவனுடைய எறிதலில் வந்த மாற்றத்தைப் பார்க்க வேறு கழகத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு பிற்பகல் பாதத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், மழை தகரத்தில் கொட்டியது. இப்போது யோனாஸ் வருவதில்லைத்தானே என்று பகிடியாகக் கேட்டேன்.

"பிந்தித்தான் வாறான்," என்றான் கஜன். "ஆனா இப்ப கிட்ட நிக்கிறான்."

எவ்வளவு கிட்ட என்று கேட்டேன். முதலில் சுவரோரம் நின்றானாம், பிறகு ஐந்தாம் வலையடியில், போன கிழமை சறுக்கு நிற்கும் இடத்தில். களைக்க எடுக்கும் நேரம் கூடக் கூட யோனாஸ் அந்த நேரத்தில் நடந்து வந்துவிடுகிறான் என்பதுபோல் கஜன் அதை விளக்கினான். பதினைந்து சுற்று ஓடவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அன்றைக்கும் தாளில் ஒன்றும் எழுதவில்லை.

அதன் பிறகு நான் அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம் பழகிக்கொண்டேன். பந்துகளைப் பொறுக்கப் போகும்போது வலது மூலைக்கும் சறுக்குக்கும் நடுவால் நடக்காமல் சுற்றிப் போவேன். பட்டப்பகலில், எல்லா விளக்கும் எரியும்போது, சான்றிதழை வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் மனிதன் ஒரு வெறும் இடத்தைச் சுற்றிப் போனேன். ஒரு நாள் துப்புரவுத் தொழிலாளி, அந்த இடத்தைக் கழுவியா விட்டிருக்கிறது, ஏன் எல்லோரும் சுற்றிப் போகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

கோடையில் ஆட்டங்கள் தொடங்கின. கஜன் கொடிகட்டிப் பறந்தான். மற்றக் குவாட்டர்பேக்குகளின் கால் தொய்யும் நேரத்தில் அவனுடைய கால் அப்போதுதான் இறங்கியதுபோல் இருந்தது. மூன்றாவது ஆளையும் நாலாவது ஆளையும் தேடிப்பிடித்து எறிந்தான். நான் செய்தது சரி என்று நம்பத் தொடங்கியிருந்தேன். அரையிறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில். நல்ல வெயில், மாலை நாலு மணி. ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போனது.

மேலதிக நேரத்தில் அவன் ஏழு அடி பின்வாங்கினான். இடது பக்கம் எங்கள் ஆள் தனியாக ஓடிக்கொண்டிருந்தான், மைதானம் முழுவதும் அவனைக் கண்டது. கஜன் வலது பக்கம் திரும்பினான். பத்து அடி தூரத்தில் வெறும் புல் கிடந்தது, அங்கே மெதுவாக, மிக மெதுவாக, சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல் பந்தைப் போட்டான். போட்டுவிட்டுக் கையைத் தொங்கவிட்டபடி நின்றான். ஓடி வந்த எதிரணிக்காரன் அவனுடைய நெஞ்சில் மோதி விழுத்தினான். பந்து புல்லில் உருண்டது. சனம் உறுமியது. கஜன் தானாகவே எழுந்து வந்தான்.

இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் எங்கள் பக்கம் திரும்பி, இறக்கலாமா என்று கையால் கேட்டார். கஜன் கோட்டோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். மொய்ரா முழங்காலிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்து, என்ன தெரிகிறது என்று வழமைபோல் கேட்டார். அவன் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

"அங்கிள், இப்ப அவன் எறியச் சொல்லேல்லை. என்னை வரச் சொல்லுறான்."

என்ன சொல்கிறான் என்று மொய்ரா கேட்டார். களைத்திருக்கிறான், தண்ணீர் கேட்கிறான் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அந்தச் சொற்கள் வாய்வரை வந்தன. மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க எங்கள் சனம், அவனுடைய தாய் அவர்கள் நடுவில் எழுந்து நின்றார். நான் கஜனின் மற்றக் கையைப் பார்த்தேன். அது வாங்கில் வலது பக்கம் யாருக்கோ இடம் விட்டதுபோல் மடியில் ஒதுங்கியிருந்தது. இறந்துபோன அவனுடைய நண்பன் அவனைத் தன்னோடு வரச் சொல்லுகிறானாம் என்று மொய்ராவிடம் ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கஜன் அவனைக் காண்கிறான், குளிர்காலத்திலிருந்தே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன்.

மொய்ரா எழுந்தார். தலைமைப் பயிற்சியாளருக்குக் கையைக் குறுக்காகக் காட்டினார். கஜன் எழுந்து என் சட்டையைப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டான். நாங்கள் தோற்றோம்.

ஸ்கான் எடுத்தபோது மூளையின் இடது பக்கம் பழைய அடி ஒன்றின் தழும்பு இருந்தது. அவனுக்கு வந்ததெல்லாம் சின்ன வலிப்பு என்றார் மருத்துவர். உடம்பு விழாது, கை கால் இழுக்காது, சில நொடிகளுக்கு ஒரு மணம், ஒரு உருவம், அவ்வளவுதான். கடும் களைப்பு அதைத் தூண்டும். அந்தத் தலையோடு இன்னும் ஒரு பெரிய மோதல் வாங்கியிருந்தால் பிழைத்திருப்பானா என்று தாய் கேட்டார். மருத்துவர் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நான் அவனைக் களைக்காதவனாக்கவில்லை. அவனை அதிக நேரம் ஆடவிட்டு, அதிக அடி வாங்க வைத்து, அந்தத் தழும்பின்மேல் வேலை செய்திருக்கிறேன். கஜன் பிறகு விளையாடவில்லை.

ஆட்டத்துக்கு அடுத்த நாள் மொய்ராவும் நானும் அந்தக் கடைசி எறிதலின் பதிவைப் போட்டுப் பார்த்தோம். அதில் எதிரணியின் பின்காவலர் ஒருவர் இருக்கிறார். கஜன் கையை உயர்த்துவதற்கு முன்பே, அவர் காவல் செய்ய வேண்டிய எங்கள் ஆளை விட்டுவிட்டு அந்த வெறும் புல்லுக்கு ஓடுகிறார். அங்கே போய் இரண்டு கையையும் விரித்து, யாரையோ மறைப்பதுபோல் நிற்கிறார். பின்காவலர்கள் எறிபவரின் கண்ணைப் பார்த்து ஓடுவார்கள், கஜனின் கண் அங்கே இருந்தது, இவர் ஓடினார் என்றார் மொய்ரா. நியாயமான விளக்கம்தான். ஆனால் அந்த மனிதர் கஜனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மொய்ரா இயந்திரத்தை நிறுத்தினார். அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

இரண்டு வருடம் கஜன் என்னோடு பேசவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பேருந்தில் நோர்பரியில் என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான். உடம்பு வைத்திருந்தது. ஒரு பாடசாலையில் உதவியாளனாக வேலை என்றான். தேநீர் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்குமுன் அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"முதல் நாளே எழுதியிருந்தா அவன் தூரத்தில நிண்டிருப்பான், அங்கிள். நீங்கள்தான் அவனைக் கிட்டக் கொண்டு வந்தனீங்கள்."

ஓம் என்றேன். பிறகு, மருந்து ஒழுங்காக எடுக்கிறீரா என்று கேட்டேன். எடுக்கிறானாம், எடுத்தால் யோனாஸ் வருவதில்லையாம். சனிக்கிழமை இரவும் ஞாயிறு காலையும் மட்டும் எடுப்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைதானே ஆட்ட நாள் என்றான். அதை அவன் சொன்ன விதத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. அந்த மருந்தை இடையில் விட்டால் பெரிய வலிப்பு வந்து ஆளையே கொண்டுபோகும் என்று மருத்துவர் அவனுக்கும் சொல்லியிருந்தார்.

அவன் பார்த்திருக்கவே நான் அவன் தாய்க்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் என்னிடம் சொன்னதை அவன் சொன்னபடியே அவருக்குச் சொன்னேன். கஜன் தடுக்கவில்லை. தேநீரைக் கீழே வைத்துவிட்டு என் பேச்சு முடியும்வரை காத்திருந்தான். அழுதுகொண்டிருந்தான்.

"அப்ப அவனுக்கு இனி ஆர் எறியிறது?" என்று கேட்டான்.

அந்தச் சனிக்கிழமை இரவே டூட்டிங்குக்குப் போய் அவர்கள் வீட்டிலேயே படுத்தேன். அன்றிரவும் மறுநாள் காலையிலும் அவன் மாத்திரையை விழுங்கும்வரை முன்னால் இருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன். தாய் இடியப்பம் வைப்பார், நான் மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன். விழுங்கும்போது கஜன் என்னைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால், மிகக் கிட்ட, ஏதோ ஒன்றைப் பார்ப்பான். பிறகு தலையை ஆட்டி, நீ போகலாம் என்று யாருக்கோ சொல்வதுபோல் ஒரு விரலை உயர்த்துவான். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.